கடைக் குழம்பும் வீட்டு அடுப்பும்: மாமாக் கடை ருசியை வீட்டில் கொண்டுவருவது

பினாங்கில் நாசி கண்டாரை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளின் குழம்புச் சோற்றை, வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கோழிக்குழம்பு நன்றாகவே வந்திருக்கும். சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் நல்ல கோழிக்குழம்புச் சோறாக இருக்கும். நாசி கண்டாராக இருக்காது. அடுத்த முறை மசாலாத்தூள் இரண்டு கரண்டி கூடும். அதற்கடுத்த முறை பாக்கெட் மாறும். கடைசியில், "அவங்க என்னமோ போடுறாங்க, சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று பேச்சு முடிந்துவிடும்.

அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் கண்ணெதிரேதான் நடக்கிறது. 1907இல் தொடங்கிய பினாங்குக் கேம்பல் தெரு ஹமீதியா உணவகமானாலும் சரி, கோலாலம்பூரில் உங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் மாமாக் கடையானாலும் சரி, கரண்டி பிடிப்பவரின் கையைக் கவனியுங்கள். மீன் குழம்பிலிருந்து ஒரு கரண்டி, கறுப்புக் குழம்பிலிருந்து அரை, கோழிக்குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயில் கொஞ்சம், பருப்பிலிருந்து ஒன்று. குவா சம்போர் என்று கேட்டால் இதுதான். பஞ்சிர் என்று கேட்டால் இதையே சோறு முழுகும்படி ஊற்றுவார். நாம் நாக்கில் தேடுகிற ருசி எந்த ஒரு சட்டியிலும் இல்லை, தட்டில்தான் உண்டாகிறது. ஒரே குழம்பை எவ்வளவு திருத்தினாலும் அது கைக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

மீ கோரெங் என்ற நூடுல்ஸ் வறுவலுக்கும் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவுக்கும் கதை இதே மாதிரிதான். கடையில் நடக்கிற ஒரு வேலை வீட்டில் நடக்காமல் போகிறது, நாம் பொருளைக் குறை சொல்கிறோம். மீ கோரெங்கில் அந்த வேலையைச் செய்வது தீ. ரொட்டியில் மாவின் ஓய்வு.

சமைக்கும் முன் ஒருமுறை கடைக்குப் போய் வாருங்கள். தாப்பாவ் (பொட்டலம்) வாங்கும்போது 'குவா அசிங்' என்று கேட்டால் குழம்புகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். வீட்டில் ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி மெல்லப் பரப்புங்கள். வெந்தயமும் கடுகும் கண்ணில் படும், வெங்காயம் அரைத்ததா நறுக்கியதா என்று தெரியும், எண்ணெய் எந்த நிறத்தில் பிரிகிறது என்றும் தெரியும். மீதியை வடிகட்டியில் ஊற்றி மேலே வெந்நீர் விட்டால் தங்குகிற சக்கையே பாதிச் செய்முறையைச் சொல்லிவிடும். பிறகு சூடில்லாமல் ருசித்துப் பாருங்கள். சூட்டில் காரமும் மணமும் முந்திக்கொள்ளும். ஆறிய குழம்பில்தான் புளியும் இனிப்பும் உப்பும் அளவாகப் பிடிபடும். ஒன்று மட்டும் கவனம். குளிர்பெட்டியில் வைத்ததும் மேலே கட்டியாக உறைவதைப் பார்த்து நெய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் ஊர்ச் சமையல் எண்ணெய் பெரும்பாலும் செம்பனை எண்ணெய், அதுவும் குளிரில் கலங்கி உறையும்.

இப்படித் தனித்தனியாக ருசித்துப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரியவரும். கடைக் குழம்பு ஒவ்வொன்றும் தனியாக ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மீன் குழம்பு கொஞ்சம் அதிகமாகவே புளிக்கும், கறுப்புக் குழம்பு அதிகமாக இனிக்கும், பருப்பு சப்பென்றிருக்கும். வீட்டில் நாம் ஒவ்வொரு குழம்பையும் தனியாகச் சாப்பிடும் பக்குவத்தில் சரிசெய்து இறக்குகிறோம். அப்படிச் சரிசெய்த மூன்றைக் கலந்தால் மந்தமாகத்தான் வரும்.

ஆறு சட்டி வைக்க யாருக்கும் நேரமில்லை. மூன்று போதும்: புளிப்புக்கு மீன், இனிப்புக்குக் கறுப்பு, அடித்தளமாகப் பருப்பு. கீழே வரும் அளவு ஐந்தாறு பேருக்கு. மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., தேக்கரண்டி என்றால் 5 மி.லி.

மீன் குழம்பில் தொடங்குவோம், மற்ற இரண்டையும் விட இதில்தான் வேலை அதிகம். 120 கிராம் சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, இரண்டு செண்டிமீட்டர் இஞ்சி மூன்றையும் அரைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் மீன் மசாலாத்தூளை 120 மி.லி. தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தூளை நேரே எண்ணெயில் கொட்டினால் மிளகாய் கருகும், மல்லி வேகாது. பாபாஸ், அடாபி என்று எந்தப் பாக்கெட்டானாலும் சரிதான், புதியதாக இருந்தால் போதும். திறந்து மாதக்கணக்கான பாக்கெட்டில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. 40 கிராம் புளியை 300 மி.லி. வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள்.

சட்டியில் 100 மி.லி. எண்ணெய். அளவைப் பார்த்துக் கை நடுங்கும், ஆனால் குறைக்கவேண்டாம். மசாலா வதங்கும்போது அதன் நிறத்தையும் மணத்தையும் எடுத்துக்கொள்வது எண்ணெய்தான். வேலை முடிந்தபின் மேலே மிதப்பதை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கும் உபயோகம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்ததும் ஹல்பா சம்போர் ஒரு மேசைக்கரண்டி. வெந்தயம், கடுகு, சீரகம், பெருஞ்சீரகம் கலந்து கடைகளில் பாக்கெட்டாகவே விற்பது அது. வெந்தயம் பொன்னிறம் தாண்டக்கூடாது. செம்பழுப்பாகிவிட்டால் எண்ணெயோடு கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். அந்தக் கசப்பைப் புளியும் மூடாது, சர்க்கரையும் மூடாது. பிறகு இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, அரைத்த விழுது. விழுதின் பச்சை வாடை போக நடுத்தீயில் ஏழெட்டு நிமிடம் ஆகும்.

அதன்பின் குழைத்த மசாலா, தீயைக் குறைத்து. இங்கேதான் பொறுமை வேண்டும். முதலில் மசாலா எண்ணெயை முழுக்கக் குடித்துவிட்டுச் சேறுபோல் கிடக்கும். நான்கைந்து நிமிடத்தில் அடிப்பிடிக்கத் தொடங்கும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். மறுபடி பிடிக்கும், மறுபடி தண்ணீர். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் விழுது கறுத்த சிவப்பாகி, கரண்டியை இழுத்த தடத்தில் எண்ணெய் கசிந்து நிற்கும். அதுவரை தும்மல் வரவைத்த நெடி வறுத்த மணமாக மாறியிருக்கும். 'பெச்சா மிஞாக்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பதம் இதுதான், நாம் எண்ணெய் பிரிவது என்கிறோம். வீட்டுக் குழம்பில் தூள் வாடை வருவதாகத் தோன்றினால் காரணம் அநேகமாக இந்த இடத்தில் விட்ட ஐந்து நிமிடம்தான். கூடுதல் தூள் அதைச் சரிசெய்யாது, வேகாத தூளைத்தான் கூட்டும்.

புளித்தண்ணீர், 500 மி.லி. தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்கட்டும். இரண்டு தக்காளி, எட்டு வெண்டைக்காய். வெண்டைக்காயைக் காம்பு சீவி முழுசாகப் போடுங்கள், நறுக்கினால் குழம்பு வழவழக்கும். 100 மி.லி. கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தபின் தீ அடங்கியே இருக்கட்டும், தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து திரியாக நிற்கும். தெங்கிரி (வஞ்சிரம்) துண்டுகள் 600 கிராம் கடைசியில். ஆறேழு நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. காலையிலேயே சமைத்து வைக்கிற எண்ணமிருந்தால் தேங்காய்ப்பாலுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பாலும் மீனும் பரிமாறும் வேளையில் கொதிக்கிற குழம்பில் விழுந்தால் போதும். மசாலா ஊற ஊற நன்றாகும், மீன் ஊற ஊற உடையும்.

உப்புப் பார்க்கும்போது நினைவிருக்கட்டும்: தனியாகக் குடித்தால் புளிப்பு ஒரு படி தூக்கலாகத் தெரியவேண்டும். பயந்து சர்க்கரை போடாதீர்கள், இனிப்பு பக்கத்துச் சட்டியிலிருந்து வரும்.

அந்தப் பக்கத்துச் சட்டிக்கு ஒரு கிலோ கோழித்தொடை. மஞ்சளும் உப்பும் தடவி, தோல் நிறம் மாறும் அளவுக்கு மட்டும் பொரித்து எடுத்து வையுங்கள். ஐந்து மேசைக்கரண்டி எண்ணெயில் பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ இரண்டு, கிராம்பு நான்கு, ஏலக்காய் நான்கு. இந்த நால்வர் கூட்டணி இல்லாத கறுப்புக் குழம்பு வெறும் கிச்சாப் (சோயா சாஸ்) தண்ணீர். 300 கிராம் பெரிய வெங்காயத்தை மெல்ல அரிந்து போட்டுப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். கண்ணாடிபோல் ஆனதும் நிறுத்தக்கூடாது. செம்பழுப்பாகவேண்டும், ஓரம் மொறுமொறுக்கத் தொடங்கவேண்டும். இந்தக் குழம்பின் கெட்டித்தன்மையும் பாதி நிறமும் வெங்காயத்திலிருந்துதான். இரண்டு மேசைக்கரண்டி இஞ்சிபூண்டு விழுது, மூன்று மேசைக்கரண்டி சிலி போ (காய்ந்த மிளகாய் விழுது), இரண்டு மேசைக்கரண்டி இறைச்சி மசாலா, எண்ணெய் பிரியும்வரை வதக்கல். பிறகு கோழி, 300 மி.லி. தண்ணீர், மூடிபோட்டு இருபது நிமிடம்.

கிச்சாப் மானிஸ் (இனிப்பு) ஆறு மேசைக்கரண்டியும் கிச்சாப் மாசின் (உப்பு) ஒரு மேசைக்கரண்டியும் அதற்குப் பிறகுதான். இனிப்புக் கிச்சாப்பில் சர்க்கரை நிறைய. ஆரம்பத்திலேயே ஊற்றினால் சட்டியின் அடியில் கருகி, கோழி வேகும் முன்பே குழம்பு கசந்துவிடும். சேர்த்தபின் மூடியை எடுத்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதம் வரும்வரை. கோழிக்குப் பதில் ஆட்டிறைச்சி என்றால் தண்ணீரை இரட்டிப்பாக்கி, இறைச்சி முக்கால் வெந்தபின்தான் கிச்சாப்.

பருப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 150 கிராம் மைசூர்ப் பருப்பு, மஞ்சள், 900 மி.லி. தண்ணீர், உருளைக்கிழங்கு, கேரட், கத்தரிக்காய், கொஞ்சம் புளி, கடுகு கறிவேப்பிலை காய்ந்தமிளகாய் தாளிப்பு. ஆட்டெலும்பு 300 கிராம் சேர்த்து வேகவைத்தால் டால்ச்சா, அது தனி ருசி. சாம்பார் பதத்துக்குப் போகவிடாதீர்கள். கரண்டியைச் சாய்த்தால் தடையில்லாமல் வழியவேண்டும்.

சோறு உதிரியாக, ஈரப்பசை இல்லாமல் வேண்டும், அப்போதுதான் குழம்பை உள்ளே இழுக்கும். நீள அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, நடுவில் ஒரு சின்னக் கடி இருக்கும்போதே வடித்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மின்குக்கரில் வைக்கிறவர்கள் வழக்கமான தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு குறைத்தால் போதும். வாசனை அரிசி இதற்கு ஒத்துவராது. மணமும் போட்டி போடும், பருக்கையும் ஒட்டும்.

தட்டில் 250 கிராம் சோறு. முதலில் பருப்பு மூன்று மேசைக்கரண்டி, அதன்மேல் மீன் குழம்பு நான்கு, கறுப்புக் குழம்பு இரண்டு. கடைசியில் எடுத்துவைத்த மசாலா எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கரண்டியால் சோற்றை லேசாக அழுத்திவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். இதுதான் என் அளவு. காரம் தேடுகிறவர்கள் மீனைக் கூட்டுவார்கள், பிள்ளைகளுக்குக் கறுப்பு கூடலாம். கலவை சரியில்லை என்று பட்டால் சட்டியைத் தொடாமல் தட்டிலேயே திருத்துங்கள். மொட்டையாக இருந்தால் மீன், உறைப்பு தனித்து நின்றால் பருப்பு, புளிப்பு பல்லைக் கூசினால் கறுப்பு.

மீ கோரெங்குக்கு வருவோம். குழம்புக்கு நேர் எதிரான வேலை இது. குழம்பு மெதுவாக ஆனால்தான் ருசி, மீ நான்கு நிமிடத்துக்குள் முடியவேண்டும்.

வீட்டு அடுப்பின் பெரிய வளையம் ஏறக்குறைய 3 முதல் 4 கிலோவாட் வெப்பம் தரும். கடையின் உயர் அழுத்த அடுப்பு அதைப்போலப் பல மடங்கு. இதைப் படித்துவிட்டு உயர் அழுத்த அடுப்பையும் ரெகுலேட்டரையும் வாங்கிவந்து அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பொருத்தக் கிளம்பவேண்டாம். அது திறந்தவெளிக்கானது, உள்ளே வைத்தால் தீ ஆபத்தும் உண்டு, கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் உண்டு. தீயைக் கூட்டமுடியாவிட்டால் சுமையைக் குறைக்கவேண்டும், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு தட்டு. நான்கு பேருக்கு நான்கு முறை.

ஏன் என்று பார்த்தால் கணக்கு எளிது. குவாலியில் (சீனச் சட்டியில்) தண்ணீர் தேங்கி நிற்கிறவரை அங்கே சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. மீயும் காய்கறியும் தக்காளியும் விடுகிற தண்ணீரைக் கடை அடுப்பு அந்தக் கணமே ஆவியாக்கிவிடும், நம் அடுப்பால் முடியாது. இரண்டு தட்டு அளவை ஒன்றாகப் போட்டால் வதங்குவது நின்று வேகத் தொடங்கும். காதாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். சொரசொரவென்று உரக்கக் கேட்ட சத்தம் களகளவென்று இறங்கினால் தண்ணீர் தேங்கிவிட்டது என்று பொருள்.

ஆகவே தண்ணீரை அடுப்புக்கு வெளியிலேயே விரட்டிவிடுங்கள். 200 கிராம் மஞ்சள் மீயைக் கொதிநீரில் பத்து வினாடி முக்கி எடுத்தால் அதன் எண்ணெய்ப் பூச்சும் காரநீர் வாடையும் போகும். உடனே வடித்து, தட்டில் பரப்பி, விசிறிக்கு அடியில் இருபது நிமிடம் காயவிடுங்கள். கையில் எடுத்தால் ஈரம் ஒட்டக்கூடாது. இந்த ஒரு வேலையைச் செய்தாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். தாவ்குவாவை (கெட்டி டோஃபு) பொரித்து அரிந்து வையுங்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து ஆறவிட்டு அரியுங்கள். கடை மீயில் அங்கங்கே அகப்படும் அந்த மெத்துமெத்துத் துண்டு சுச்சோர். 100 கிராம் கோதுமை மாவு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு, கால் தேக்கரண்டி சமையல் சோடாப் பொடி, மஞ்சள், உப்பு, 120 மி.லி. தண்ணீர் கரைத்துப் பொரித்து அரிந்தால் கிடைக்கும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, சாறை உறிஞ்சி வைத்திருந்து பல்லில் படும்போது விடுகிற வேலையை வேறு எதுவும் செய்யாது.

சிலி போ கடையில் அரைத்தே விற்கும். வீட்டில் செய்வதானால் 50 கிராம் காய்ந்த மிளகாயைத் துண்டாக்கி, விதையை உதறி, பத்து நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு அரைக்கவேண்டும். விதை தங்கினால் கசக்கும், காரமும் முரடாக இருக்கும்.

சாறு ஒரு கிண்ணத்தில் முன்கூட்டியே கலந்திருக்கவேண்டும். ஒரு தட்டுக்குக் கிச்சாப் மானிஸ் ஒரு மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கிச்சாப் மாசின் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. அடுப்பில் மீ இருக்கும்போது பாட்டில் திறந்துகொண்டிருக்க நேரமில்லை.

இரும்புக் குவாலி வேண்டும். ஒட்டாத பூச்சுச் சட்டியை இந்தச் சூட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, பூச்சு கெடும். எண்ணெய் இல்லாமல் நான்கு நிமிடம், புகை எழும்பும்வரை காய்ச்சுங்கள். இரண்டரை மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு பல் பூண்டு, உடனே ஒன்றரை மேசைக்கரண்டி சிலி போ. முப்பது நாற்பது வினாடியில் எண்ணெய் சிவக்கும். சோத்தோங் (கணவாய்) அல்லது இறால் கொஞ்சம், தக்காளி கால் பாகம், தாவ்குவா, கிழங்கு, சுச்சோர். பினாங்குப் பக்குவத்தில் தேடுகிறவர்கள் சம்பல் சோத்தோங்கைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு இங்கே ஒரு கரண்டி சேர்க்கலாம்.

மீயைப் போட்டதும் கிளறாதீர்கள். குவாலியின் சுவரோடு பரப்பி அழுத்திவிட்டு இருபது முப்பது வினாடி அப்படியே விடுங்கள். கை துறுதுறுக்கும், அடக்கவேண்டும். அந்த நேரத்தில்தான் மீயின் அடிப்பக்கம் தீய்ந்து கடை வாசனை ஏறுகிறது. ஓயாமல் புரட்டினால் எந்தப் பக்கமும் தீயாது. பிறகு ஒரு புரட்டு, மீண்டும் பரப்பல். சாறை நடுவில் ஊற்றாமல் குவாலியின் ஓரத்தில் சுற்றி விடுங்கள். சூடான இரும்பில் பட்டு வழிந்து வருவதற்குள் அதன் சர்க்கரை கொஞ்சம் கருகியிருக்கும், அது வேண்டும். மீயை ஒதுக்கி முட்டையை உடைத்து, பாதி உறைந்ததும் கலந்துவிடுங்கள். சாவிக் கீரை, கடைசி பதினைந்து வினாடியில் ஒரு பிடி தவ்கே (முளைப்பயறு). தவ்கே முன்கூட்டிப் போனால் தண்ணீர் விட்டு அத்தனை உழைப்பையும் கெடுத்துவிடும். இறக்கியதும் கசுத்தூரி எலுமிச்சை பிழிந்து சூட்டோடு தட்டுக்கு. அடுத்த தட்டுக்கு முன் குவாலியைக் கழுவித் துடைத்துத் திரும்பவும் புகைய விடுங்கள். அடியில் ஒட்டிய சர்க்கரை இரண்டாம் தட்டில் கசப்பாக வரும்.

ரொட்டி சானாயில் எல்லோரும் கண்ணை வைப்பது வீசுகிற வித்தையில். வீட்டில் வீசவே தேவையில்லை.

500 கிராம் சாதாரணக் கோதுமை மாவு, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பால், இரண்டு மேசைக்கரண்டி உருக்கிய நெய் அல்லது பிளாண்டா (மார்ஜரின்), 280 மி.லி. தண்ணீர். முதலில் கையில் ஒட்டும். மாவைத் தூவாமல் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டுப் பிறகு பிசைந்தால் தானாகவே சேர்ந்துவரும். பத்து நிமிடப் பிசைதல், அரை மணி ஓய்வு, 85 கிராம் உருண்டைகளாகப் பத்து வரும். ஒவ்வொன்றையும் பிளாண்டாவில் நன்றாகப் புரட்டி, நெருக்கமாக அடுக்கி, மூடி, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் விடுங்கள். பிசையும்போது இறுகிய பசைச்சத்து இந்த நேரத்தில்தான் தளர்கிறது. இராத்திரி முழுக்க வைப்பதானால் நம் ஊர் வெக்கைக்குக் குளிர்பெட்டி நல்லது, ஆனால் இழுக்கும் முன் இரண்டு மணி நேரம் வெளியே இருக்கவேண்டும். குளிர்ந்த மாவு கிழியும்.

மேசைக்கல்லில் எண்ணெய் தடவி, உருண்டையை உள்ளங்கையால் ஒரு சாண் அகலத்துக்கு அழுத்துங்கள். பிறகு ஓரத்துக்கு அடியில் விரலை விட்டு, கொஞ்சம் தூக்கி, வெளிப்பக்கமாக இழுத்துக் கல்லிலேயே ஒட்டுங்கள். சுற்றிச் சுற்றி இப்படியே. அடியில் உள்ள கல்லின் புள்ளி தெரியும் அளவுக்கு மெல்லிசாகவேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தால் பரவாயில்லை, மடிப்பில் மறைந்துவிடும். தடித்த ஓரம் மட்டும் தங்கக்கூடாது, அது வேகாமல் ரப்பராக நிற்கும். பிடித்து இழுத்தே கிள்ளி எடுத்துவிடுங்கள். மேலே சில சொட்டு நெய் தெளித்து, உள்ளே காற்று நிற்கும்படி தளர்வாக நான்கு பக்கமும் மடியுங்கள். அழுத்தி மடித்தால் அடுக்கு ஒட்டிவிடும்.

இழுக்க இழுக்கச் சுருங்கினால் ஓய்வு போதவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். தொட்டதும் கிழிந்தால் தண்ணீர் குறைவு அல்லது பிசைந்தது குறைவு. எண்ணெய் கோத்துக் கனத்தால் கல் சூடாகவில்லை. வெளியே கருகி உள்ளே மாவாக இருந்தால் சூடு அதிகம். நடுத்தீயில் பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் சரியாக இருக்கும். கல்லிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் தட்டுங்கள். உள்ளே அடைபட்ட ஆவி வெளியேறி அடுக்குகள் பிரியும். ஆறவிட்டுத் தட்டினால் உடையும், பிரியாது.

தொட்டுக்கொள்ளத் தனியாக எதுவும் வைக்கத் தேவையில்லை, நேற்றைய குழம்புகள் இருந்தால். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போயிருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தேங்காய்ப்பால் சேர்ந்தது நம் வெக்கையில் சீக்கிரம் ஊசும். மீன் துண்டுகளை எடுத்துவிட்டு, பருப்பு மூன்று பங்கு, மீன் குழம்பு ஒரு பங்கு, கறுப்பு அரைப் பங்கு ஒரே சட்டியில் ஊற்றி, கால் டம்ளர் தண்ணீர் விட்டு, நன்றாகக் கொதித்துப் பொங்கும்வரை சூடாக்குங்கள். சோற்றுக்கு ஊற்றியதைவிடக் கொஞ்சம் நீர்த்தே இருக்கட்டும், ரொட்டி அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.